இட்லிக் கணக்கும் எம்.பி.ஏ. விண்ணப்பமும்

எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளை ஒரு கேள்வி திணற அடிக்கிறது. "படித்து முடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?" ஹைதராபாத் ஐ.எஸ்.பி. போன்ற இடங்களில் இதற்குக் கட்டுரையாகவே பதில் எழுத வேண்டும். ஐ.ஐ.எம்.களில் நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். சொந்தத் தொழில் தொடங்குவேன் என்று எழுதுவது சுலபம். படிப்பவர் நம்பும்படி எழுதுவதுதான் கஷ்டம்.

முப்பது ஆண்டுகள் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தவன் நான். இவருக்கு இந்தத் தொழிலில் என்ன தெரியும், என்ன தெரியாது, பணம் எப்படித் திரும்பி வரும் என்றுதான் பார்ப்போம். ஓய்வு பெற்றபின் சங்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கிறேன். அதே மூன்று கேள்விகள்தான் இங்கேயும் உதவுகின்றன.

தாராவியிலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். "உலகத் தரத்தில் உணவு நிறுவனம் அமைப்பேன்" என்று எழுதியிருந்தாள். வீட்டில் இட்லி வியாபாரம். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இட்லி விக்கிறத எழுதுனா மதிப்பா இருக்குமா சார்?" என்றார் அப்பா.

மே மாதத்தில் மாவு எவ்வளவு நேரத்தில் புளிக்கும், மழை நாளில் எத்தனை இட்லி மிஞ்சும் என்று அவளைக் கேட்டேன். தயங்காமல் சொன்னாள். "மாவ ரெண்டு நாள் கெடாம வச்சிருக்க முடிஞ்சா இன்னும் இருபது கடைக்குப் போடலாம் அங்கிள். அதுக்கு எவ்வளவு முதல் வேணும், விலை எப்படி வைக்கணும், அதுதான் தெரியல."

"இதையே எழுதும்மா" என்றேன். தெரிந்தது, தெரியாதது, எதற்காகப் படிப்பு என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன.

அப்பாவுக்கு வேறு கவலை. பெரிய நிறுவனங்களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். "உடனே தொழில்னு இறங்கிட்டா கடன யாரு கட்டுறது?" நியாயமான கேள்வி. அதற்கும் விண்ணப்பத்திலேயே பதில் எழுதச் சொன்னேன். முதலில் சில ஆண்டுகள் உணவுப் பொருள் நிறுவனத்தில் வேலை. கடனும் அடையும், குளிர்பதன நுணுக்கமும் கைவரும். பிறகு சொந்தத் தொழில்.

வேலைக்குப் போவது லட்சியத்தைக் கைவிடுவதாகாது. நௌக்ரி.காம் நிறுவிய சஞ்சீவ் பிக்சந்தானி 1989ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். முடித்ததும் வேலைக்குத்தான் போனார். அந்த இணையதளம் வந்தது 1997ல். சென்னை மடிப்பாக்கத்து சரத்பாபுவின் கதை வேறு. தாயார் இட்லி விற்று வளர்த்த பிள்ளை. அதே ஐ.ஐ.எம்.மில் 2006ல் முடித்தவுடன் வேலை தேடாமல் 'ஃபுட்கிங்' தொடங்கினார். ஆனால் அங்கே சேருமுன்பே வேலை பார்த்துக் குடும்பக் கடனை அடைத்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. பாதி நேரம் மாவைப் பற்றியே கேட்டார்களாம். இடமும் கிடைத்தது.

இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அகராதியைப் புரட்டுமுன், அப்பாவின் கணக்கு நோட்டை ஒருமுறை வாங்கிப் படிக்கட்டும்.