செவ்வாயில் வண்டியை ஓட்டுவது யார்?

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடலாம். 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. அன்றைய தூரத்துக்கு, ரேடியோ சமிக்ஞை ஒரு வழி போகவே 10 நிமிடத்துக்கு மேல் ஆனது. அது சுமந்துபோன சோஜர்னர் என்ற ஊர்தி பள்ளத்தின் விளிம்பை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் படம் நமக்கு வந்து, நாம் 'நில்' என்று சொல்லி, அந்தக் கட்டளை போய்ச் சேர்வதற்குள் 20 நிமிடம் கடந்திருக்கும். ரிமோட் பிடித்து ஓட்டும் கதையே அங்கே நடக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்த்த குழுவை நடத்தியவர் டோனா ஷர்லி. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1941இல் பிறந்து, 1966இல் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் சேர்ந்த பொறியாளர்.

குழு செய்தது வேலைப் பங்கீடு. எந்தப் பாறைக்குப் போவது என்பதை மனிதர்கள் தீர்மானித்தார்கள். வழியில் கல்லா, பள்ளமா என்று பார்ப்பது ஊர்தியின் பொறுப்பு. அது சற்று நகர்ந்து நிற்கும், தரையில் லேசர் கோடுகளைப் பாய்ச்சும், கேமராவால் பார்க்கும். கோடு எதிர்பார்த்த இடத்தில் விழாவிட்டால் ஒதுங்கிப் போகும்.

வேகம் வினாடிக்கு 1 சென்டிமீட்டர்தான். ஏன்? சூரியத் தகடு தந்த மின்சாரம் உச்சி வெயிலிலும் சுமார் 16 வாட். தகட்டைப் பெரிதாக்கினால் என்ன? கலத்தில் இடம் கிடையாது. சுமார் 10.5 கிலோ ஊர்தியே பயணம் முழுக்க 18 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குந்தியிருந்து, இறங்கிய பிறகுதான் எழுந்து நின்றது. ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் அசையும். அத்தனையையும் சேர்த்து யோசிப்பதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். 7 நாள் உழைத்தால் போதும் என்று செய்த ஊர்தி, 83 செவ்வாய் நாள்கள் உழைத்தது.

ஷர்லி 1998இல் ஜேபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்று, தாம் படித்த ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கே பொறியியல் கற்பிக்கத் திரும்பினார். மாணவியாக நுழைந்தபோது, பெண்கள் பொறியாளராக முடியாது என்று அவருக்குச் சொல்லப்பட்ட இடம் அது.

ரோபோ செய்ய ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மோட்டார் வாங்கித் தருவதற்கு முன் ஒரு தாளைக் கொடுங்கள். எந்த முடிவு நம்முடையது, எந்த முடிவு இயந்திரத்துடையது என்று முதலில் எழுதிப் பார்க்கட்டும்.