உஷார்! டெல்லியில் 'நம்ம ஆள்' இருக்கிறாராம்

"சார், ப்ராஜெக்ட் கன்ஃபார்ம். டெல்லியில நம்ம ஆள் இருக்கார். ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் இன்னைக்குள்ள ஜிபே பண்ணிடுங்க, மார்ச் முடியுது."

திருச்செங்கோட்டிலோ ராசிபுரத்திலோ குமாரபாளையத்திலோ கல்லூரியில் பாடம் நடத்தும் உங்களுக்கு இப்படி ஒரு வாட்ஸ்ஆப் வந்தால், போனைக் கீழே வையுங்கள். ஒரு டீ குடியுங்கள். பிறகு யோசியுங்கள். ஆய்வு நிதி தரும் எந்த அரசு அமைப்பு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் பணம் கேட்கும்? யு.ஜி.சி. கேட்காது, ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். கேட்காது, சென்னையில் இருக்கும் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் கேட்காது. ஒப்புதல் ஆணை நிறுவனத்துக்கு வரும். பணமும் நிறுவனத்தின் கணக்கில்தான் வந்து சேரும். உங்கள் சேமிப்புக் கணக்கு எண்ணையும் ஓடிபியையும் கேட்டால், எதிரில் இருப்பவன் யாரென்று தெரிந்துவிட்டது.

படித்தவர்கள் இதில் விழுவார்களா? அவசரத்தில் இருந்தால் விழுவார்கள். பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் தொடங்கியதிலிருந்து சேலம், நாமக்கல் பக்கம் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் 'நாக்' மதிப்பீட்டில் ஆய்வுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வெளியிலிருந்து எவ்வளவு நிதி வந்தது என்று அதில் கேட்பார்கள். அந்தக் கேள்வி தாளாளரிடமிருந்து முதல்வருக்கும், முதல்வரிடமிருந்து துறைத்தலைவருக்கும் இறங்கி, கடைசியில் சொற்பச் சம்பளம் வாங்கும் உதவிப் பேராசிரியர் தலையில் விடிகிறது. "ஒரு ப்ராஜெக்டாவது கொண்டு வாங்க மேடம்." தரகன் காத்திருப்பது இந்த இடத்தில்தான்.

தமிழ், வரலாறு, பொருளியல், வணிகவியல் ஆசிரியர்களுக்கு என் எச்சரிக்கை இன்னும் கொஞ்சம் கூடுதல். அறிவியல்காரருக்குத் தட்டிப் பார்க்க நாலு கதவுகளாவது உண்டு. உங்களுக்கு ஒரு காலத்தில் யு.ஜி.சி.யின் குறு ஆய்வுத் திட்டம் கைகொடுத்தது; இப்போது அது இல்லை. 2022 ஆசிரியர் தினத்தில் யு.ஜி.சி. அறிவித்த, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கான 10 லட்சம் ரூபாய் உதவி, நாடு முழுவதற்கும் சேர்த்து 200 பேருக்கு. எத்தனை துறை, எத்தனை ஆயிரம் கல்லூரி! கதவு இவ்வளவு குறுகலாக இருந்தால், பின்வாசல் காட்டுகிறேன் என்பவன் பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

அவன் வீசும் இன்னொரு தூண்டில் '50,000 கோடி'. அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுக்கென்று சொல்லப்பட்ட தொகை அது. 2023-ல் சட்டம் வந்தபோதே, அதில் அரசின் பங்கு 14,000 கோடிதான், மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள் போன்ற வெளி வழிகளிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "கோடிக்கணக்கில் கொட்டிக் கிடக்கு, அள்ளிக்கலாம்" என்பது சுத்தப் பொய்.

'ரெடிமேட் ப்ரொபோசல்' விற்பவர்களிடமும் உஷார். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் பற்றிய அதே முன்மொழிவை நாலு பேருக்கு விற்றிருப்பான். திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஏற்றினால் மாட்டுவது நீங்கள், அவனல்ல. எனக்குப் புரியாத விஷயம், இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தலைப்பைக் காசு கொடுத்து வாங்குவதுதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளர்கள், நாமக்கல் முட்டை விலை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, பள்ளிபாளையம் விசைத்தறிக் கடன் எல்லாம் கண்முன்னே கிடக்கின்றன. 2020-ஐ ஒட்டி மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து காடே சுருண்டபோது, பெனினிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் விட்டது நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான். ஒழுங்காகச் செலவான ஆய்வுப் பணம் இங்கே என்ன செய்யும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு?

அடுத்த குழி, ஆய்விதழ். 2018 மே மாதம் யு.ஜி.சி. தான் ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. பிறகு 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. நல்ல இதழ் எது என்று இனிப் பார்க்க வேண்டியது நீங்களும் உங்கள் கல்லூரியும்தான். "யு.ஜி.சி. கேர் இதழ், மூணு நாளில் பப்ளிகேஷன்" என்று இன்னமும் ஒருவன் சொன்னால், இல்லாத பட்டியலைக் காட்டி விற்கிறான். பழைய அச்சு இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துபவர்களும் உண்டு. பணம் கட்டுமுன் ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தன் பெயர் அதில் இருப்பதே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

உண்மையிலேயே நிதி கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் "எங்காவது ஒரு பில் வாங்கிப் போட்டுடலாம் சார்" என்பவரை அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அடுத்த தவணை நிற்கும். மத்திய நிதி என்றால் சேர்ந்த வட்டிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். வாங்கிய கருவி நிறுவனத்தின் சொத்து. இருப்புப் பதிவேட்டில் ஏறியே ஆகவேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் தணிக்கைத் தடை ஒன்று விழுந்தால், ஓய்வு பெறுகிற நாளில் கோப்பிலிருந்து அது தலைதூக்கும். ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இப்போதே போன் போடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.