உபுல்வன்: நிறத்தால் பெயர் பெற்ற தெய்வம்

நேயர்களே, இன்றைய தகவல் துளி ஒரு தெய்வத்தின் பெயரைப் பற்றியது. தெய்வேந்திரமுனையில் குடிகொண்ட அந்தத் தெய்வத்தைச் சிங்கள மக்கள் உபுல்வன் என்பார்கள். பாளியில் உப்பலவண்ண. நீல ஆம்பல் நிறத்தவர் என்று பொருள்; கடைசிப் பகுதி நம் ‘வண்ணன்’தான். விஜயன் வந்திறங்கியபோது இலங்கையைக் காக்கும் பொறுப்பு இவரிடம் விடப்பட்டதாக மகாவம்சம் சொல்கிறது.

நீல நிறம் என்றதும் நமக்குத் திருமால் நினைவு வரும். இன்று கும்பிடுவோரும் விஷ்ணு என்றே கும்பிடுகிறார்கள். ஆனால் தொல்லியல் அறிஞர் பரணவிதான, ஆதியில் இவர் வருணன் என்று 1953இல் வாதாடினார். கடலோரக் கோயிலுக்குப் பொருத்தமான ஊகம்தான், எல்லோரும் ஏற்கவில்லை.

தமிழில் இவர் பெயர் வேறு: தெனாவரை நாயனார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதியில் இப்படித்தான் இருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியலும் உண்டு. அதே கல்லில் சீன வரிகள் புத்தரையும் பாரசீக வரிகள் அல்லாஹ்வையும் போற்றுகின்றன.

கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல்வெட்டு 1911இல் காலியில் அகப்பட்டது, ஒரு மதகுக்கு மூடியாக!

நுகேகொடை நேயர்களே, 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நகர மண்டபத்தில் இறங்குங்கள். நடக்கும் தூரத்தில் தேசிய நூதனசாலை. கல் அங்கேதான் இருக்கிறது.