முதல் கூட்டாளியைக் காட்டும் சர்வர்

காரைக்கால் பக்கம் விழிதியூரில் ஒருவர் தன் கணினியில் பிட்காயின் மென்பொருளை முதன்முறையாக ஓடவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வலைப்பின்னலுக்குத் தலைமைச் சர்வர் கிடையாது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சக கணினிகளை அந்த மென்பொருளே தேடிப்பிடிக்க வேண்டும். முதல் ஆளை யாரிடம் விசாரிப்பது?

ஆரம்பத்தில் இதற்கு ஐ.ஆர்.சி. அரட்டை அறை உதவியது. பிறகு அந்த வேலை டி.என்.எஸ்.ஸிடம் போனது. பெயரைச் சொன்னால் ஐ.பி. முகவரி தரும் இந்த ஏற்பாட்டை 1983இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்தார். மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருக்கும் 'சீட்' பெயர்கள் சிலவற்றின் பின்னால், பீட்டர் வுய்ல எழுதிய சீடர் நிரல் ஓடுகிறது. இயங்கும் கணினிகளை ஓயாமல் சோதித்து, கேட்பவருக்குச் சில முகவரிகளை அது எடுத்துக் கொடுக்கும்.

விழிதியூரின் கேள்வி நேராக அங்கே போவதில்லை. இணைய நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர்தான் விசாரித்து வந்து, பதிலைக் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். எத்தனை நேரம் வைக்கலாம் என்பதைப் பதிலோடு வரும் டி.டி.எல். எண் சொல்லும். வங்கித் தளத்தின் முகவரியை ஒரு நாள் வைத்திருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. சக கணினிகள் அப்படியா? மடிக்கணினியை மூடினால் ஆள் காணோம்! நேரம் நீண்டால் செத்த முகவரிகள் வரும். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எல்லோரும் அதே சில கணினிகளை மொய்ப்பார்கள். மிகக் குறைத்தால் அத்தனை கேள்வியும் சீடர் தலையில் விழும். இப்போதுதான் கிளம்பிய சீடர் கொடுக்கும் 'யாரும் இல்லை' என்ற பதிலும் கேஷில் தங்கிவிடலாம். கேஷால் ஒரு லாபமும் உண்டு: சீடரை நடத்துபவருக்குப் பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் முகவரிதான் தெரியும், விழிதியூர்க்காரருடையது தெரியாது.

நடத்துபவருக்கு வேறொரு தலைவலி. டி.என்.எஸ்.ஸுக்கான 53ஆம் போர்ட்டை ஏற்கெனவே பைண்ட் போன்ற சர்வர் பிடித்திருந்தால், சீடரை 5353இல் ஓடவிட்டு, அந்த ஒரு பெயருக்கான கேள்விகளை மட்டும் அங்கே திருப்பிவிடலாம். அந்த 'மட்டும்' முக்கியம். ஊரார் கேட்கும் எந்தப் பெயரையும் தேடித் தரும்படி திறந்துவைத்த சர்வர்கள்தான் 2013 மார்ச்சில் ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸ் மீதான தாக்குதலுக்குக் கருவியாயின.

கேஷில் பொய்ப் பதிலைத் திணிக்கவும் முடியும் என்று 2008இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி காட்டினார். புதுக் கணினிக்கு இது பெரிய ஆபத்து. சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் எதிரியின் ஆட்களாகிவிடலாம். அதனால் பிட்காயின் கோர் என்ற பிட்காயின் மென்பொருள் தெரிந்த முகவரிகளைச் சேமித்து வைக்கிறது. அடுத்த முறை அந்தப் பட்டியலில் போதிய கூட்டாளிகள் கிடைக்காதபோதுதான் டி.என்.எஸ்.ஸை நாடுகிறது.