எதை நிறுத்துவது, எதை விடாமல் செய்வது

பினாங்கு லெபோ பாசார் பக்கம் தேநீர்க் கடைகளில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "இனிப்புநீர் வந்திருச்சு. எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. இனிமே என்ன இருக்கு?" தேநீர் வருவதற்குள் இதைக் கொஞ்சம் பேசிவிடலாம். எழுபது வயதில் இனிப்புநீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றும் சேர்ந்திருப்பவருக்கு எதை நிறுத்துவது என்பது பாதிக் கேள்விதான். எதையெல்லாம் விடாமல் செய்ய முடிய வேண்டும் என்பது மீதிப் பாதி. அதை நம் வீடுகளில் கேட்பவர்கள் குறைவு.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம், சீனிக்கு எதிராகப் பல காலம் குரல் கொடுத்த பினாங்கு பயனீட்டாளர் சங்கத் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் மறைந்தார். ஜூலை 1 அன்று இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. ஆனால் அது போத்தலிலும் டின்னிலும் வருவதற்குத்தான். நம் கண்ணெதிரே ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அல்ல. அதில் ஊற்றும் இனிப்புப் பாலில் எடைக்கு ஏறத்தாழப் பாதி சீனி. ஒரு நாளைக்கு மூன்று குவளை என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கடைக்கு வருவதையே விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து இங்கே வரும் நடை, நான்கு பேரைப் பார்ப்பது, நாளிதழைப் புரட்டுவது எல்லாம் உடம்புக்கு நல்லது. மாற்ற வேண்டியது கேட்டு வாங்குவதைத்தான். முதலில் 'குராங் மானிஸ்' (சீனி குறைவாக), நாக்கு பழகியதும் 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). நாசி கண்டார் சாப்பிடும்போது குழம்பை 'பஞ்சிர்' என்று வெள்ளமாக ஊற்றச் சொல்லாமல் இருந்தாலே உப்பும் எண்ணெயும் நன்றாகக் குறைந்துவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சீனியில் கணிசமான பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசை. லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கி (கிடங்கு) இருந்ததைப் போல, உடம்புக்குத் தொடையும் பின்புறமும்தான் பெரிய கிட்டங்கி. வயதாக ஆக அது சுருங்குகிறது. வந்த சரக்கு இறக்க இடமில்லாமல் ரத்தத்திலேயே நிற்கிறது. தசை அசையும்போது இன்சுலின் அவ்வளவாக இல்லாவிட்டாலும் சீனியை இழுத்துக்கொள்ளும். ஆகவே சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலும் பலன் உண்டு. மாலையானால் பாடாங் கோத்தாவில் கடற்காற்று இருக்கிறது.

ஆனால் நடை மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசை வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவி எதுவும் வேண்டாம். கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். ஐந்து முறை முடிந்தால் நாளடைவில் பத்து. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை மீண்டும் ஏற வேண்டும் என்று ஆசைப்படுபவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது, பலரும் எதிர்பார்க்காத ஆபத்து. சீனி ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம். பெரியவர்களைச் சட்டென்று வீழ்த்துவது சீனி இறங்குவது. இன்சுலினோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தவறவிட்டால், ரத்தச் சீனி 4 mmol/Lக்குக் கீழே போகலாம். இளையவருக்கு வியர்வையும் நடுக்கமும் வரும். பெரியவர் பேச்சுத் தடுமாறி, குழம்பிப்போய் உட்கார்ந்திருப்பார். வீட்டிலிருப்பவர்கள் வயதின் மறதி என்று விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்துப் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். தைப்பூச விரதமோ ரமலான் நோன்போ இருக்க நினைப்பவர், சில வாரங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

சீனி இறங்கும் இந்த ஆபத்தால்தான் மூன்று மாதச் சீனிச் சோதனையின் (HbA1c) இலக்கு எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவயதுக்காரருக்கு 7 விழுக்காடு என்று வைக்கும் டாக்டர், பல நோய்களோடு இருக்கும் பெரியவருக்கு 8 வரை விட்டுக்கொடுப்பார். அது அக்கறைக் குறைவல்ல. சீனி இறங்கித் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதே இல்லை.

கால்களையும் பாருங்கள். நரம்பு மரத்த பாதத்துக்குத் தைப்பூச வெயிலில் தார்ச்சாலை சுடுவது தெரியாது. ஜார்ஜ்டவுன் கடைகளின் அஞ்சடிப் பாதைகள் கடைக்குக் கடை ஏறி இறங்கும். விரல் இடித்துக்கொண்டதும் உறைக்காது. இரவில் படுக்குமுன் ஒரு கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் எழ வேண்டியிருந்தால், கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு நின்றவுடன் தலை சுற்றலாம்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் பிள்ளைகள் உடன் போனால், டாக்டரின் கேள்விக்கு அவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். அம்மா தனியாகச் சந்தைக்குப் போக விரும்புகிறாரா, அப்பா பேரனோடு கோயிலுக்கு நடக்க விரும்புகிறாரா என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். அதற்கேற்பத்தான் சிகிச்சை அமைய வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரை, நாட்டு மருந்து, ஜாமு, சின்சே (சீன வைத்தியர்) கொடுத்த பொடி, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில வலி மாத்திரைகள் கொதிப்பை ஏற்றிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எது சீனியை அதிகம் இறக்கும், எது தலைசுற்ற வைக்கும், எது இனித் தேவையில்லை என்று மருந்து கொடுக்கும் முகப்பிலேயே கேளுங்கள்.