தூத்துக்குடி உப்பளத்தில் அமெரிக்க இறால்: உள்ளூர் ஆர்டீமியாவுக்கு என்ன ஆச்சு?

கிருஷ்ணன்கோவிலில் கடல் இல்லை. ஆனாலும் அங்கே ஹாஸ்டல் அறையில் மீன் தொட்டி வைத்து குஞ்சு எடுப்பவர்களுக்கு 'ஆர்டீமியா' தெரிந்திருக்கும். டப்பாவில் பழுப்பு நிறத் தூள் மாதிரி வருகிறதே, அது தூள் இல்லை. முட்டை!

லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, ஒரு ஏர் பம்ப், மேலே ஒரு பல்பு, 28 டிகிரி வெப்பம். அவ்வளவுதான். ஒரே நாளில் அரை மில்லிமீட்டர் அளவில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் பொரிந்துவிடும். உடனே மீன்குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். லேட் ஆனால் உடம்பிலுள்ள சத்தை அதுவே கரைத்துவிடும்.

பெயர்தான் இறால். வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான், குழம்புக்கு ஆகாது.

இயற்கையில் இதன் வீடு உப்பளம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பாத்திகளில் வெயிலில் சுண்டி அது மூன்று மடங்கானால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. தன்னைத் தின்ன ஆளில்லாத அந்த இடத்தில்தான் ஆர்டீமியா பெருகும். பாசியைத் தின்று நீரைத் தெளிய வைப்பதால் உப்புக்கும் நல்லது. நிலைமை மோசமானால் குஞ்சு போடுவதை நிறுத்தி, கெட்டி ஓடுள்ள முட்டை போடும். காற்று அதை பாத்தி ஓரத்தில் ஒதுக்கும். காயவைத்தால் வருஷக்கணக்கில் கெடாது.

தூத்துக்குடி உப்பளங்களின் பூர்வீக இனத்தில் ஆண் துணையே தேவையில்லை. பெண்களே தனியாக இனம் பெருக்கும்.

பிறகு இறால் பண்ணைகள் வந்தன. 2009-ல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரை. குஞ்சுப் பொரிப்பகத்தில் அதற்குக் கொடுக்கும் ஆர்டீமியாவும் பெரும்பாலும் இறக்குமதிதான். யூட்டாவின் கிரேட் சால்ட் ஏரி அதற்குப் பெயர்போனது. இப்படி வந்த அமெரிக்க இனமான ஆர்டீமியா ஃபிரான்சிஸ்கானா, இந்திய உப்பளங்களில் புகுந்து உள்ளூர் இனத்தின் இடத்தைப் பிடித்துவிட்டதாக 'ஹைட்ரோபயாலஜியா' இதழில் 2012-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

காசு கொடுத்து வாங்கியதே சொந்தச் சரக்குக்கு வேட்டு வைத்த கதை இது. இன்னொரு பக்கம், அந்த ஏரியும் வற்றுகிறது. 2022 நவம்பரில் அதன் நீர்மட்டம் வரலாற்றிலேயே மிகக் கீழே போனது. உப்பு எகிறியதில் அங்கே ஆர்டீமியாவே தாங்குமா என்ற கவலை வந்தது.