பழைய பொப்கட்டுக்குப் பாகம் தேடுவோர் கவனத்திற்கு

சென்ற வாரம் சாவகச்சேரியிலிருந்து சகோதரர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். சீமெந்துக் கல் அரிந்து விற்பவர். மணல் அள்ளவும், கல்லை லொறியில் ஏற்றவும் பழைய பொப்கட் ஒன்றை வைத்திருக்கிறார். பக்கட்டைத் தூக்கும் சிலிண்டர் ஒன்றில் ஒயில் வடிகிறதாம். கொழும்பில் விசாரித்தால் முழுச் சிலிண்டரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகு அவருக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. "நானா, மெசினைப் பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றார்.

இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் அதே வகை மெசின் ஒன்றை 2012 முதல் வைத்துப் பாடுபடுகிறவன் என்பதால் இவ்வாரம் இதையே எழுதலாம் என்று தோன்றியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 வரை போனது. 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், பழைய விலைக்கு எதுவும் திரும்பவில்லை. ஆகவே சிறு வியாபாரி கையில் இருக்கும் இருபது, முப்பது வருட மெசினைத்தான் ஓட்டியாக வேண்டும். எங்கள் ஒழுங்கைகளுக்குள் ஜே.சி.பி. நுழையாத இடத்தில் இந்தச் சின்ன மெசின் நின்ற இடத்திலேயே வட்டமடித்து வேலை செய்யும். அதை விற்றுவிட்டால் அந்த வேலைக்கு நான்கு கூலியாட்களைத் தேட வேண்டும். அவர்கள் கிடைப்பதும் இப்போது அரிது.

இந்த மெசின் பெரிய தொழிற்சாலையில் பிறந்ததல்ல. 1957இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரொத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த சிரில், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள், வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவரின் கொட்டிலைத் துப்புரவு செய்வதற்காகச் செய்துகொடுத்த மூன்று சக்கர வண்டிதான் இதன் மூலம். மெல்ரோ என்ற கம்பனி அதை வாங்கி, 1960இல் நான்கு சக்கரமாக்கி, 1962இல் பொப்கட் என்று பெயர் வைத்தது. இன்று வேறு கம்பனிக்காரர் செய்ததையும் நாம் பொப்கட் என்றே சொல்கிறோம். பாகம் தேடும்போது முதல் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "பொப்கட்டுக்கு ஒரு பெயாரிங் இருக்கிறதா?" என்று கேட்டால் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடைக்காரரும் ஒன்றில் இல்லை என்பார், அல்லது பெயரைக் கேட்டவுடன் விலையைக் கூட்டிச் சொல்வார்.

கேட்க வேண்டியது பெயரையல்ல, இலக்கத்தை. மெசினின் உடம்பில் அடித்திருக்கும் தொடரிலக்கத்தை முதலில் தேடுங்கள். பழைய பொப்கட்டில் அது ஒன்பது இலக்கம் கொண்டது. முதல் நான்கும் எந்த மொடல், எந்த என்ஜின் என்பதைச் சொல்லும், மிகுதி ஐந்தும் அது எத்தனையாவது மெசின் என்பதைச் சொல்லும். நம்மவர்கள் வாங்கிய கையோடு மஞ்சளோ வெள்ளையோ பெயின்ட் அடித்து அந்தத் தகட்டை மூடிவிடுகிறார்கள். மெதுவாகச் சுரண்டி எடுத்து, ஒரு படம் பிடித்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கழற்றிய பாகத்தின் இலக்கம். பெயாரிங்கையும் ஒயில் சீலையும் செயினையும் மெசின் கம்பனி செய்வதில்லை, வெளியில்தான் வாங்கிப் பூட்டுகிறது. பெயாரிங்கின் ஓரத்தில் 6206 என்று இருந்தால் உட்துளை 30 மில்லிமீற்றர், வெளிவட்டம் 62, தடிப்பு 16. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை வரும். 04 முதல் மேலே இந்தக் கணக்குப் பிசகாது. உலகத்தில் எந்தக் கம்பனி செய்தாலும் 6206 என்றால் இந்த அளவுதான். இலக்கத்துக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், அது உள்ளே விடும் இடைவெளியைக் குறிப்பது. ஒயில் சீலில் 35-52-7 என்பது போல மூன்று அளவுகள் இருக்கும். அமெரிக்க அளவுச் செயினில் 80 என்று இருந்தால் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு ஓர் அங்குலம், 100 என்றால் ஒன்றேகால் அங்குலம். இந்த இலக்கங்களோடு போனால் உழவு இயந்திரத்துக்குச் சாமான் விற்கும் கடையிலும் பல பாகங்கள் கிடைத்துவிடும்.

இதை எனக்குப் படிப்பித்தது வாப்பா. சோனகத் தெருப் பக்கம் எங்களுக்குப் பழைய லொறிச் சாமான் கடை இருந்தது. பெட்போர்ட் லொறி, ஒஸ்டின் கார் என்று எதன் பாகம் வந்தாலும் வேர்னியரால் அளந்து, ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். எந்தப் பெயாரிங் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பது அந்தக் கொப்பியில் இருந்தது. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது கடையும் போனது, கொப்பியும் போனது. நாங்கள் புத்தளத்தில் இருந்த அந்த வருடங்களில், பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குள் உதிரிப்பாகம் வர வழியில்லாமல் இருந்தது. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், வராத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டார்கள். அந்தக் காலத்தில் கடைந்து பழகிய கொக்குவில் அண்ணை ஒருவர்தான் இன்றும் எனக்குக் கைகொடுக்கிறார். பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "தம்பி, இதுக்கு ஏன் கொழும்புக்குப் போறீர்?" என்பார்.

என்ஜினுக்கு வருவோம். என்னுடையது 763 என்ற மொடல். அதில் இருப்பது குபோட்டாவின் வி2203 என்ற நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். ஆகவே நான் தேட வேண்டியது குபோட்டாப் பாகம். வன்னி வயல்களில் ஓடும் குபோட்டா மெசின்களால் இந்தக் குடும்பத்து என்ஜின்களுக்கான பில்டர், கெஸ்கட் முதலியன வடக்கிலேயே ஓரளவு கிடைக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வி2203க்கும் வி2403க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 87 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் முன்னதற்கு 92.4, பின்னதற்கு 102.4. வி2203 என்ற ஒரே பெயரிலும் டீசல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிற வகை வேறு, பழைய வகை வேறு. ஹெட்டும் பிஸ்டனும் அவற்றில் மாறும். கேஸ் 1845சி வைத்திருப்பவர்களுக்கு என்ஜின் கமின்ஸ் குடும்பத்தது. அதற்கும் டாட்டா லொறியில் வரும் ஆறு சிலிண்டர் கமின்ஸுக்கும் பல பாகங்கள் ஒத்துப்போகும், ஆனால் டேர்போ உள்ளதன் பிஸ்டனை இல்லாததில் போடக்கூடாது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான்" என்று சொன்னால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

ஹோஸ் விடயத்தில் இப்போது கவலை குறைவு. யாழ்ப்பாணத்திலேயே அளவுக்கு வெட்டி, முனை அமுக்கித் தருகிறார்கள். பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அமெரிக்க மெசினின் முனையும் ஜப்பான் மெசினின் முனையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் உள்ளே சரிவு ஒன்றில் 37 பாகை, மற்றதில் 30. மாறிப் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். அரை அங்குல ஹோஸில் ஒரு கம்பிப் பின்னல் உள்ளது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2,300 இறாத்தல்தான் தாங்கும், இரண்டு பின்னல் உள்ளது 4,000 தாங்கும். விலை வித்தியாசம் சொற்பம். கசிவைத் தேடும்போது கையால் தடவ வேண்டாம், காட்போட் மட்டையைப் பிடியுங்கள். ஊசித் துளையில் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

டயரையும் சொல்லிவிடுகிறேன். 10-16.5 என்று இருந்தால் ரிம் பதினாறரை அங்குலம். பதினாறு அங்குல டயரை அதில் ஏற்றிக் காற்றடித்தால் வெடித்து ஆள் போகும்.

இனி என் சொந்தக் கதை. 2023இல் என் மெசின் இழுவை குறைந்தது. பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிடும், கையும் மெதுவாகத்தான் உயரும். கொக்குவில் அண்ணை அப்போது கண் சத்திரசிகிச்சை செய்து ஓய்விலிருந்தார். நானே பெரிய மெக்கானிக் போல, பம்ப் போய்விட்டது என்று முடிவு செய்தேன். கொழும்பில் ஒரு கடையில் ரீகண்டிஷன் பம்ப் ஒன்றை 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவுக்கு வாங்கினேன். பழைய பம்பைக் கொடுத்தால் 40 ஆயிரம் கழிப்பதாகச் சொன்னார்கள், சந்தோசமாகக் கொடுத்தேன். பம்போடு பெல்ட்டையும் புதிதாகப் போட்டோம். மெசின் பறந்தது. பதினொராம் நாள் சத்தம் போட்டது, பன்னிரண்டாம் நாள் நின்றது.

அண்ணை வந்து கழற்றிப் பார்த்தார். புதுப் பெயின்ட்டுக்குக் கீழே பழைய ஸ்பனர்த் தழும்புகள் இருந்தன. உள்ளே தேய்ந்துபோன பாகங்களைத் துடைத்துவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். குறையைச் சொல்லாமல் விற்பது நமக்கு ஆகாது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடைக்காரர் "உங்கள் ஒயில் அழுக்கு" என்று கையை விரித்தார். கடையின் பெயரை எழுதப்போவதில்லை.

ஆனால் நான் வெட்கப்பட்டது வேறு விடயத்துக்கு. கழற்றி எறிந்த பழைய பெல்ட்டை அண்ணை எடுத்துப் பார்த்தார். அது பளபளவென்று வழுக்கிக் கிடந்தது. "தம்பி, ரெண்டு பக்கச் சில்லும் ஒண்டாக் களைச்சு, கையும் மெதுவாப் போனதெண்டால் எல்லாத்துக்கும் பொதுவான ஒண்டில்தான் பிழை. பெல்ட்டைப் பாக்க வேணும், ஒயில் மட்டத்தைப் பாக்க வேணும், பில்டரைப் பாக்க வேணும். ஒரு பக்கம் மட்டும் களைச்சால்தான் அந்தப் பக்கத்துப் பம்பையோ மோட்டரையோ சந்தேகிக்கிறது" என்றார். அதாவது, நல்ல பம்பை 40 ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, கெட்ட பம்பை வாங்கியிருக்கிறேன்.

செலவு அதோடு நிற்கவில்லை. இந்தப் பம்பினுள் சிறிய பிஸ்டன்கள் சரிவான தட்டு ஒன்றின் மேல் வழுக்கி ஓடுகின்றன. அங்கே இடைவெளி தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. உடைந்த பம்பின் உலோகத் தூள் ஒயிலோடு சேர்ந்து கூலர், மோட்டர், வால்வு எல்லா இடமும் போயிருந்தது. அதைக் கழுவாமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் போகும். டாங்கியை இறக்கி, ஹோஸ்களைக் கழற்றி ஊதி, கூலரை மாற்றி, பில்டரை இரண்டு முறை மாற்றி, அதன் பிறகுதான் மூன்றாவது பம்ப் பூட்டினோம். பெயாரிங், சீல், பில்டர், ஹோஸ் இவற்றில் மலிவு தேடுங்கள். பம்பைப் பரீட்சிக்கும் மேசையில் ஓட்டிக் காட்டாத கடையில் பம்ப் வாங்காதீர்கள், பழையதைப் பரிசோதிக்காமல் கைமாற்றவும் வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இருக்கைக்கு முன்னால் வரும் பாதுகாப்புக் கம்பியின் சென்சர் பழுதானால், விலை கூட என்று வயரை முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கம்பி உயர்ந்திருக்கும்போது கையும் சில்லும் அசையாமல் பூட்டி வைப்பதுதான் அதன் வேலை. ஓட்டுபவர் முன்பக்கமாகவே ஏறி இறங்க வேண்டிய மெசின் இது. தூக்கிய கைக்குக் கீழே தலை போகும். அந்த ஒரு பாகத்தை மட்டும் கடன்பட்டாவது சரியானதாக வாங்கிப் பூட்டுங்கள்.

இந்தியாவிலிருந்து எடுப்பிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் பலாலி–சென்னை விமானம் மீண்டும் தொடங்கிய பிறகு, போய் வருவோரிடம் சீல் செட் சொல்லி அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. சென்னையில் பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. இரண்டிலும் கார், லொறிப் பாகங்களே அதிகம். பாரமான பாகத்தை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தால் சுங்கத் தீர்வை உண்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் மலிவு என்று சொல்ல முடியாது. போலிப் பெயாரிங் இரண்டு நாட்டிலும் தாராளமாக ஓடுகிறது. எஸ்.கே.எப். கம்பனி, பெயாரிங்கைப் படம் பிடித்து அனுப்பிச் சரிபார்க்கத் தொலைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறது, இலவசம்.

சாவகச்சேரிச் சகோதரரிடம், சிலிண்டரின் வெள்ளித் தண்டை முழுவதும் வெளியே நீட்டி, மெசினை நிறுத்தி, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். நகம் எங்கும் சிக்காவிட்டால் சீல் செட் மட்டும் போதும். சிக்கினால் புதுச் சீலையும் அது சில நாளில் கிழித்துவிடும். அவருக்கு இரண்டு இடத்தில் சிக்கியது. எங்கள் கடற்காற்றுக்குக் குரோம் அரித்துப் போவது வழமைதான். கொக்குவிலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அண்ணை குரோம் பூசிய தண்டு ஒன்றை அளவுக்கு வெட்டி, பழைய காதை அதில் ஒட்டி, பள்ளங்களை அளந்து சீல்களை வாங்கிப் போட்டார். கொழும்பில் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்கும் ஆகவில்லை.

நேற்று அவர் பேசும்போது பின்னால் கல் ஏற்றும் சத்தம் கேட்டது. பெல்ட்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள் என்று சொல்லி வைத்தேன்.